உஷார்! மாத்திரை ஊசிக்குள் ஏறுகிறது

வாயில் போட்டு விழுங்க வேண்டிய வலி மாத்திரை. அதைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் உறிஞ்சி நரம்பில் ஏற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் அந்த மாத்திரையின் பெயர் டாபென்டடால். "கஞ்சா இல்லையே, மெடிக்கல் ஷாப் மாத்திரைதானே" என்று நினைக்கிற பெற்றோர் கொஞ்சம் ஆஸ்டின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், ஸ்காட் கவுண்டி. அதில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர் ஆஸ்டின். 2004 முதல் 2013 வரை, பத்து ஆண்டுகளில், கவுண்டி முழுக்கக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்று 5. அடுத்து 2014 நவம்பரிலிருந்து ஒரே ஆண்டில் 181! எல்லாம் ஓபானா என்ற வலி மாத்திரையைக் கரைத்து, ஒருவர் குத்திய ஊசியையே அடுத்தவரும் குத்திக்கொண்டதால் வந்த வினை. விசாரிக்கப் போன சுகாதார ஆய்வாளர்கள் ஆடிப்போனார்கள். பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்ளும் குடும்பங்கள். ஒரு நாளைக்குப் 15 தடவை வரை. தொற்று வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்தே இருந்தது.

ஊரில் வறுமை, வேலையின்மை. எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த கிளினிக்கோ 2013-லேயே மூடியாகிவிட்டது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. கவர்னர் மைக் பென்ஸ் 2015 மார்ச் 26 அன்று அவசரநிலை அறிவித்த பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. அப்போது திறந்த உதவி மையத்தில் பரிசோதனையோடு அடையாள அட்டை, காப்பீட்டுப் பதிவு எல்லாம் செய்துகொடுத்தார்கள். கையில் ஒரு அட்டைகூட இல்லாதவர் டாக்டரிடம் எப்படிப் போவார்? வறுமைக்கு ஒரு இலாகா, போதைக்கு ஒன்று, பால்வினை நோய்க்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பவர்கள் நாம்தான். கிருமிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

சிரிஞ்சைக் கண்ணால் பார்த்தே இராத மனைவிக்கும் காதலிக்கும் உடலுறவு வழியாக அந்தக் கிருமி போய்ச் சேரும். எச்.ஐ.வி. தொற்றாவிட்டாலும் ஆபத்துதான்: மாத்திரையில் சேர்த்திருக்கும் மாவுப் பொருள்கள் சரியாகக் கரையாமல் ரத்தக்குழாயை அடைக்கும், நுரையீரல் வரை போகும். ஊசி குத்திய இடத்தில் சீழ் கட்டும்.

கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை, முழங்கை மடிப்பில் கறுத்த தடம், பைக்குள் சிரிஞ்ச்... உங்கள் பிள்ளையிடம் இவை தெரிகிறதா என்று கவனியுங்கள். கண்டால் அடித்து வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். துரத்தினால் அடுத்த ஊசி யாருடையதோ! அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். விவரம் கேட்க 1097, போதை மீட்புக்கு 14446.

முதல் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். புதிதாக வந்த தொற்று உடனே தெரியாது. மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.