ஓடில்லா முட்டைகள்

தவளையின் முட்டைக்கு ஓடு இல்லை. கூழ் போன்ற மெல்லுறையே அதன் காப்பு. ஈரம் வற்றினால் கரு மடியும். நீரில் கிடந்தாலோ மீனும் நீர்ப்பூச்சியும் தின்னும். இவ்விரு இடர்களையும் தவளையினங்கள் வெவ்வேறு வழிகளில் எதிர்கொள்கின்றன.

இந்தியக் காளைத்தவளை, மழைநீர் தேங்கிய பள்ளங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அங்கு மீன்கள் பெரும்பாலும் இரா. எனினும், நீர் வற்றுமுன் தலைப்பிரட்டைகள் தவளைகளாக உருமாற வேண்டும். பல அழியினும், எண்ணிக்கையின் மிகுதியால் இனம் நிலைக்கிறது.

இந்திய மரத்தவளையோ தான் சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் அடித்து, நீருக்கு மேலுள்ள கிளையில் நுரைக்கூடு அமைத்து முட்டையிடுகிறது. கூட்டின் புறப்பகுதி உலர்ந்து இறுக, உட்பகுதி ஈரம் காக்கிறது. பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழுள்ள நீரில் விழுந்து வளர்கின்றன.

மேற்குத்தொடர்ச்சி மலையில், களக்காடு முண்டந்துறைக் காட்டில் வாழும் வெண்புள்ளிப் புதர்த்தவளைக்கு நீர்நிலையே வேண்டுவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணப்படாத இவ்வினம் மீண்டும் கண்டறியப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. இது மூங்கிலின் கணுக்களுக்கு இடையேயுள்ள குழலுக்குள் சிறு துளைவழி நுழைந்து, சில முட்டைகளையே இடுகிறது. ஆண் தவளை அவற்றைக் காக்கிறது. தலைப்பிரட்டைப் பருவமின்றி, முட்டையிலிருந்து சிறு தவளைகளே வெளிவருகின்றன.

ஒன்று எண்ணிக்கையை நம்புகிறது. மற்றொன்று கூட்டை நம்புகிறது. பிறிதொன்று காவலை நம்புகிறது. ஆயினும், மூன்றுக்கும் உரிய இடம் வேண்டும். மழைப்பள்ளத்தை மண்ணிட்டு மூடினால், நீரோரக் கிளையை வெட்டினால், முட்டையுள்ள மூங்கிலைத் தறித்தால், இத்தகவமைப்புகள் பயனற்றுப்போகும். தவளையைக் காப்பது என்பது முதலில் அது முட்டையிடும் இடத்தைக் காப்பதேயாகும்.