குடிநீரிலிருந்து புளோரைடு நீக்கம்

குடிநீரிலிருந்து புளோரைடு நீக்கம் என்பது நிலத்தடி நீரில் அளவுக்கு மேல் கரைந்துள்ள புளோரைடை வேதிப்பொருள்களின் உதவியுடன் பிரித்தெடுக்கும் செயல்முறை ஆகும். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இச்சிக்கலால் பெரிதும் பாதிக்கப்பட்டவை.

காரணமும் பாதிப்பும்

பாப்பாரப்பட்டி, பென்னாகரம் உள்ளிட்ட தருமபுரி மாவட்ட ஊர்கள் கடினப் பாறை நிலத்தில் அமைந்தவை. இத்தகைய பாறைகளில் உள்ள புளோரைட்டு, அபடைட்டு, பயோடைட்டு போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு நீரில் கலக்கிறது. கால்சியம் குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரில் இது கூடுதலாகக் கரையும். நிறமோ மணமோ மாறாததால் சோதனை செய்யாமல் இதனை அறிய இயலாது.

இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மி.கி. புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மி.கி. வரை அனுமதி உண்டு. இந்த அளவு மிகும்போது வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. பல ஆண்டுகள் மிகுதியாக உட்கொண்டால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகி உடல் வளையும். எலும்பில் ஏற்பட்ட இப்பாதிப்பை மருந்தால் மீட்க முடியாது.

நல்கொண்டா முறை

நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் உருவாக்கிய முறை இது. நீரில் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துச் சுமார் 10 நிமிடம் கலக்குவர். அப்போது உருவாகும் அலுமினியம் ஐதராக்சைடுத் திரள் புளோரைடைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். ஒரு மணி நேரம் கழித்துத் தெளிந்த நீரை இறுத்து வடிகட்டலாம். படிகாரத்தின் அளவு நீரின் புளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்தது. அளவு தவறினால் நீரில் அலுமினியம் எஞ்சும்.

கிளர்வூட்டிய அலுமினா

நுண்துளைகள் கொண்ட அலுமினா மணிகளின் ஊடே நீரைச் செலுத்தினால் புளோரைடு அவற்றின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். மணிகள் நிறைவுற்றபின் எரிசோடாக் கரைசலால் கழுவி, அமிலத்தால் நடுநிலையாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.

வரம்புகள்

புளோரைடு ஒரு தனிம அயனி என்பதால் எம்முறையாலும் அழியாது. அது கசடுக்கோ கழுவுநீருக்கோ இடம் மாறுகிறது. அவற்றைக் கிணற்றருகே கொட்டினால் மீண்டும் நிலத்தடிக்கே செல்லும். நீரைக் கொதிக்க வைப்பதும் பயன் தராது. நீர் ஆவியாவதால் புளோரைடின் செறிவு கூடும்.

மாற்று நீராதாரம்

வீடுதோறும் அன்றாடம் செய்யவேண்டிய வேதிமுறைகளைத் தொடர்ந்து பின்பற்றுவது கடினம். எனவே நீராதாரத்தையே மாற்றும் நோக்கில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. சப்பான் நாட்டுக் கடனுதவி பெற்ற இத்திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டம் காவிரி நீரைச் சுத்திகரித்து இரு மாவட்டங்களுக்கும் வழங்குகிறது. குழாய் நீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகுவோருக்கு நீர்ச் சோதனையும் புளோரைடு நீக்கமும் இன்றும் தேவையானவையே.