எரிந்த நகரும் எழுந்த நகரும்

1666ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள், பொழுது புலர்வதற்கு முன்னர், இலண்டன் மாநகரில் புட்டிங் சந்து என்னும் குறுந்தெருவில் ரொட்டி சுடுவார் ஒருவரது இல்லத்தில் தீப்பற்றியது. கிழக்கிலிருந்து காற்று வலிதாய் வீசிற்று. நான்கு நாள் நின்றெரிந்த அப்பெருந்தீ 13,200 வீடுகளையும் 87 கிறித்தவக் கோயில்களையும் சாம்பராக்கியது. வீடிழந்த மக்கள் நகர்ப்புறத்து வெளிகளில் கூடாரமிட்டுத் தங்கினர். குளிர்காலமோ அண்மித்து வந்தது.

இத்தீங்கு எதிர்பாராதது அன்று. அந்நகரத்து வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆயவை. மேல்மாடிகள் தெருவின்மீது நீண்டு நின்றன. ஆதலால் ஒரு வீட்டில் பற்றிய தீ எதிர்வீட்டிற்குத் தாவுதல் எளிதாயிற்று. இதனைத் தடுக்க விதிகள் இல்லாமலில்லை. 1212ஆம் ஆண்டிலேயே வைக்கோலும் நாணலும் கொண்டு கூரை வேய்தல் ஆகாது என்று விதித்திருந்தனர். பின்வந்த மன்னர்களும் செங்கல்லாலேயே கட்டுக என ஆணைமேல் ஆணை பிறப்பித்தனர். அவை ஏன் பயன்படவில்லை? மரவீடு எழுப்புதல் செலவு குறைந்த செயல். மீறியவர் பலர் தண்டம் செலுத்தித் தப்பினர். கட்டும்பொழுதே அளந்து பார்த்துத் தடுக்கும் ஏற்பாடு வலுவுடையதாய் இல்லை. ஆணைகள் ஏட்டில் இருந்தன. மரவீடுகள் தெருவில் இருந்தன.

தீ அவிந்த சில நாள்களுள் கிறிஸ்டோபர் ரென் முதலிய அறிஞர்கள், அகன்ற நேர்த்தெருக்களையுடைய புதுநகருக்குப் படங்கள் வரைந்து அளித்தனர். காண்பதற்கு இனிய படங்களே அவை. ஆயினும் ஒவ்வொரு மனையும் ஒருவர்க்கு உடைமை, அதன்மேற் குத்தகை மற்றொருவர்க்கு, உட்குத்தகை வேறொருவர்க்கு. இவ்வுரிமைகளை எல்லாம் தீர்த்துத் தெருக்களைப் புதிதாய் வகுக்கும்வரை கூடாரத்து மக்கள் எங்ஙனம் காத்திருப்பர்? அப்படங்களைக் கைவிட்டது தக்க செயலே எனலாம்.

1667இல் இயற்றப்பட்ட கட்டடச் சட்டம் நான்கு வகை வீடுகளையே வகுத்தது. சந்துகளில் இரண்டடுக்கு, சிறந்த தெருக்களில் மூன்றடுக்கு, பெருந்தெருக்களில் நான்கடுக்கு; செல்வர் மாளிகைகளும் நான்கடுக்கிற்கு மேற்படலாகாது. புறச்சுவர் செங்கல்லாலோ கருங்கல் முதலியவற்றாலோ ஆதல் வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் சுவரின் கனம் எத்தனை செங்கல் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டது. எழுப்புவது எவ்வகை வீடு என்று அறிந்த கொத்தர், பிறவற்றை எவரிடமும் கேட்டறிய வேண்டுவதில்லை.

மனைக்குரியவர் 6 ஷில்லிங் 8 பென்னி நகரக் கருவூலத்திற் செலுத்திச் சீட்டுப் பெறுவர். அதனைக் கண்டவுடன் நில அளவர் வந்து, எல்லை அளந்து முளையடித்துக் கொடுப்பர். சுருள்வில்லின் இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்ற இராபர்ட் ஹூக் அவ்வளவருள் ஒருவர். வெளியூர்த் தச்சரும் கொத்தரும் ஏழாண்டுக் காலம் நகரத் தொழிலாளரைப் போலவே உரிமையுடன் வேலை செய்யலாம் என்றும் சட்டம் இடந்தந்தது.

இவற்றினும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. அக்காலக் குத்தகை முறிகள் பலவற்றின்படி, வீடு எரிந்தாலும் குத்தகைக்காரரே அதனைக் கட்டித் தரல் வேண்டும், வாடகையும் நில்லாது. உள்ள பொருளெல்லாம் தீயில் இழந்தவர் அதற்கு என் செய்வார்? இவ்வழக்குகளுக்கெனத் தீ வழக்கு மன்றம் ஒன்று 1667ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூடியது. ஏனைய மன்றங்களின் நீண்ட நடைமுறைகள் அங்கு இல்லை, கட்டணமும் இல்லை, நீதிபதிகள் ஊதியமும் பெற்றிலர். கட்டுவதற்கு ஆற்றலுடையவர் யாவர் என்று வினவி, அவர்க்கு ஏற்றவாறு குத்தகைக் காலத்தை நீட்டியும் வாடகையைக் குறைத்தும், இழப்பை இருவர்க்கும் பகிர்ந்தளித்தனர். நகரத்தார் அந்நீதிபதிகள் 22 பேரின் உருவங்களையும் ஓவியமாகத் தீட்டுவித்துத் தம் மன்றத்தில் வைத்தனர்.

செங்கல் வீடு கட்ட இயலாத எளியோர் பலர் நகருக்கு மீளவே இல்லை என்பதும் மறைக்கற்பாலதன்று. ஆயினும் பத்தாண்டிற்குள் நகரின் பெரும்பகுதி எழுந்துவிட்டது.

வீடுகள் எழுந்தபின் பார்ப்போம் என்று நகரத்தார் இருந்துவிடவில்லை. 1667இலேயே நகரை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 800 தோல்வாளிகளும், 12 அடி முதல் 42 அடிவரை நீளமுடைய 50 ஏணிகளும், மண்வெட்டி முதலிய கருவிகளும் எந்நாளும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும் என்று விதித்தனர்.