சேற்றில் சிக்கிய டிராக்டரை இழுக்க எந்தக் கயிறு?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு பெருமழை வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மணிமங்கலம், படப்பை வயல்களில் டிராக்டர் அச்சுவரை புதைந்துவிடும். வின்ச் வைத்திருப்போர் அதற்குரிய கயிற்றைக் கவனித்து வாங்கவேண்டும். அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

கிணற்றுக்கு வாங்கிய நைலான் கயிறு வின்ச்சுக்கு உதவாது. இழுக்கும்போது அது ரப்பரைப்போல் நீண்டு விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்; அறுந்தால் அவ்வளவும் ஒரே வீச்சில் வெளிப்படும். நனைந்தால் வலுவும் சற்றுக் குறையும். பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஆனால் வெயிலில் இற்றுப்போகும். இரும்பு வடம் நன்கு உழைக்கும். எனினும் கனமானது, துருப்பிடிக்கும், பிசிறு கையைக் கிழிக்கும்.

உயர்திறன் பாலிஎதிலீன் கயிறே ஏற்றது என்பது என் கருத்து. அதே வலுவுள்ள இரும்பு வடத்தின் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். நீரில் மிதக்கும், மிகக் குறைவாகவே நீளும். விலைதான் அதிகம். சூடும் உராய்வும் இதற்கு ஆகா. சுமார் 145 டிகிரி செல்சியசில் உருகும். அதற்கு முன்பே வலுவிழக்கும். ஆகவே டிரம்முக்குள் பிரேக் உள்ள வின்ச்சை விட்டுவிட்டு இயக்கவேண்டும்.

வின்ச் 3 டன் இழுக்குமானால் 6 டன் தாங்கும் கயிறு வாங்குங்கள். முடிச்சுப் போட்டால் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். பழைய இரும்பு வடம் ஓடிய வழிகாட்டி உருளைகளில் கீறல் இருந்தால், அவற்றை மாற்றிய பிறகே புதுக் கயிற்றைப் பூட்டவேண்டும். வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துக. மணல் தங்கினால் இழைகளை அறுக்கும்.

இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டுவையுங்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை அதற்கு முன்பே வரப்பைவிட்டு அனுப்பிவிடுங்கள்.