உங்களுக்குத் தெரியுமா? எல்லவா, அப்புத்தளையா?

ஊவாவில் ஓர் இரவுதான் தங்க முடியும். எல்லவில் தங்குவதா, அப்புத்தளையில் தங்குவதா? பள்ளி விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் இந்த வாதம் நடக்கும். இரண்டு ஊரும் பதுளை மாவட்டத்தில்தான், ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. ஆனால் எல்லவுக்குப் பேர் வாங்கித் தந்தது ரயில். அப்புத்தளைக்கு வாங்கித் தந்தது தேயிலை. பையைக் கட்டுமுன் இந்தத் துணுக்குகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

■ ஸ்வெட்டரா, சால்வையா?
எல்ல ஏறத்தாழ 1,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,430 மீட்டர். இந்த 400 மீட்டரில் வெப்பம் இரண்டு, இரண்டரைப் பாகை குறையும். எல்லவில் மாலைக்கு ஒரு சால்வை போதும். அப்புத்தளையோ மலையின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். கடைத்தெருவில் நின்றாலே காற்று வந்து அறையும். காதை மூட மப்ளர் கட்டாயம்.

■ முப்பது ஆண்டு இடைவெளி
கொழும்பிலிருந்து வந்த ரயில் பாதை 1894இல் பண்டாரவளையைத் தொட்டது. அங்கிருந்து பதுளைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் பாதை 550 மீட்டருக்கு மேல் கீழே இறங்க வேண்டும். மலையகப் பாதையிலோ 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் சரிவு வைப்பதில்லை. எனவே நேரே இறங்காமல் சுற்றிச் சுற்றித்தான் இறங்க வேண்டியிருந்தது. எல்லவின் புகழெல்லாம் இந்தச் சுற்றில் பிறந்ததுதான்.

■ கங்காணியின் தலைப்பாகை
எல்லவுக்கு அடுத்த நிலையம் தெமோதரை. நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் மலையை ஒரு வட்டமடித்து இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். சற்று முன் நின்ற மேடை இப்போது உங்கள் தலைக்கு மேலே! இந்த வளையத்தை வடிவமைத்த பெருமை பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திரவுக்கு உரியதாகச் சொல்வார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்பது செவிவழிக் கதை. கதை மெய்யோ பொய்யோ, பாதை போட்ட காலத்தில் இந்த மலையெங்கும் தலைப்பாகை இருந்தது மெய்.

■ இரும்பில்லாப் பாலம்
எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே இருப்பதுதான் படங்களில் பார்த்துப் பழகிய ஒன்பது வளைவுப் பாலம். நீளம் ஏறத்தாழ 300 அடி, உயரம் 80 அடி. கல், செங்கல், சீமெந்து மூன்றுமே அதன் உடம்பு. முதல் உலகப் போரில் இரும்பு கிடைக்காததால் இரும்பில்லாமலே கட்டினார்கள் என்று ஊர் சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு சில ரயில்களே கடக்கும். எல்ல நிலையத்தில் நேரம் கேட்டுக்கொண்டு நடந்தால், பாலத்தில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டாம்.

■ லிப்டன் உட்கார்ந்த இடம்
கிளாஸ்கோவில் மளிகைக் கடை நடத்திய தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தொழிற்சாலை அந்த ஆண்டில் எழுந்ததுதான். அங்கிருந்து தேயிலை மலைகளுக்குள் ஏழு கிலோமீட்டர் ஏறினால் 1,970 மீட்டர் உயரத்தில் 'லிப்டன் சீட்'. வானம் தெளிந்திருந்தால் பல மாகாணங்கள் காலடியில் விரியும். ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் பனிமூட்டம் ஏறிவிடும். விடியுமுன் ஆட்டோ பிடித்து மேலே போய், இறங்கும்போது நடந்து வாருங்கள். அப்புத்தளையில் இரவு தங்குபவருக்கே இது கைகூடும்.

■ பெரட்டும் பேரும்
இறங்கி வரும் வழியில் கொழுந்து நிறுப்பதைப் பார்க்க நேர்ந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பெண்கள் சாக்கை இறக்கி வைக்க, தராசு பிடிப்பவர் எடையைக் கூவ, ஈரத்துக்கும் சாக்குக்கும் எனச் சில கிலோ கழிக்கப்படும். மிச்சம் தோட்டம் வைத்த அளவை எட்டினால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். எட்டாவிட்டால் அரைப் பேர். ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் தொடங்கும் நாள் இந்தத் தராசில்தான் முடிவாகிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று பல ஆண்டு போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது.

■ ஆடிக் காற்றும் தேநீரும்
ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி ஊவாவுக்கு வருவது ஈரம் போன வறண்ட கச்சான் காற்று. அந்தக் காற்றில் தேயிலைச் செடி வாடும், கொழுந்து மெதுவாக வளரும், மணம் மட்டும் ஏறும். வலிக்குத் தடவும் தைலத்தில் உள்ள மீதைல் சாலிசிலேட்தான் ஊவாத் தேயிலையின் அந்தக் குளிர்ந்த வாசத்துக்கும் காரணம். டார்ஜிலிங், சீனத்துக் கீமன் ஆகியவற்றோடு வைத்துப் பேசப்படும் தேயிலை இது. பால் ஊற்றாமல் ஒரு பிளேன்டீ குடித்துப் பாருங்கள்.

■ யானை வேட்டைக்காரரும் இடியும்
ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பேசப்பட்ட மேஜர் ரோஜர்ஸ், பதுளையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்தவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பதுளையின் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது.

■ துரை பங்களாவில் ஜாம்
அப்புத்தளையின் ஆடிஷாம் மாளிகையை 1931இல் கட்டியவர் சர் தாமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்துப் பிரதமராக இருந்த ஜான் ரஸ்ஸல் பிரபுவின் பேரன் அவர். இப்போது அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் தயாரிக்கும் ஜாம் வகைகள் அங்கேயே விற்கும். வார இறுதி, போயா, பள்ளி விடுமுறை நாட்களில் பார்க்கலாம்.

■ அருவிக் கணக்கு
எல்லவின் ராவணன் அருவி ஏறத்தாழ 25 மீட்டர். சாலையோரம், நடையே தேவையில்லை. அப்புத்தளையிலிருந்து மலை இறங்கினால் நாட்டிலேயே உயரமான பம்பரகந்த, 263 மீட்டர். கொஸ்லந்தைப் பக்கம் தியலும, 220 மீட்டர். பதுளைக்கு அருகே துன்ஹிந்த, 64 மீட்டர். முழங்கால் வலிக்காரருக்கு எல்ல, கால் திடமானவருக்கு அப்புத்தளை.

■ மீரியபெத்தை
கொஸ்லந்தை வரை போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை சரிந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றவர்களும் இல்லை. இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. போய்க் குடியேற மாற்று வீடுதான் வந்திருக்கவில்லை.

■ எப்போது போகலாம்?
அக்டோபர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஊவாவுக்கு அடைமழைக் காலம். மண்சரிவால் ரயில் நின்றுபோவதும் உண்டு; கிளம்புமுன் விசாரியுங்கள். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டு ஊருக்கும் நல்ல காலம். தேநீருக்காகவே போவதென்றால் ஆடி, ஆவணி.

■ சரி, எந்த ஊர்?
இரவுக் கடைகளும் பல நாட்டுச் சாப்பாடும் வேண்டுமென்றால் எல்ல. தேயிலையையும், அதைப் பறிப்பவரோடு தமிழிலேயே நாலு வார்த்தை பேசுவதையும் விரும்பினால் அப்புத்தளை. எங்கள் சிபாரிசு: அப்புத்தளையில் தூங்குங்கள். காலையில் லிப்டன் சீட், பிறகு தியத்தலாவை, பண்டாரவளை வழியாக எல்லவுக்கு ரயில். பாலத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் தெமோதரை வளையத்தைச் சுற்றிப் பதுளையில் இறங்குங்கள். எல்லவில் பகல் போதும்; அப்புத்தளைக்குத்தான் விடியற்காலை வேண்டும்.