ஒரு மணி நேரம் அணைத்தால் போதுமா?

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, மணி 8.30. கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் விளக்குகள் அணைகின்றன. நகரின் பல நிறுவனங்களும் தங்கள் பெயர்ப் பலகை விளக்குகளை அணைக்கின்றன. 9.30-க்கு எல்லாம் பழையபடி பளிச்சென்று எரியத் தொடங்கிவிடும்.

இதுதான் 'எர்த் ஹவர்' எனும் பூமி நேரம். 2007 மார்ச் 31-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கியது. அன்று 22 லட்சம் பேரும் 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் விளக்கை அணைத்தனர். நிறுவனங்களின் பங்கு முதல் நாளிலிருந்தே இந்த இயக்கத்தின் முதுகெலும்பு. மலேசியா 2009-இல் இதில் இணைந்தது.

விளக்கணைப்பது நல்ல அடையாளம். ஆனால், அந்த ஒரு மணி நேரம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியை டெங்கிலிலிருந்து கேட்டுப் பார்ப்போம்.

பக்கத்திலேயே ஒரு பாடம்

டெங்கிலுக்கு அருகில்தான் புத்ராஜெயா. அந்த நகரம் எழும்பிய மண் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பெராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களில் பாடுபட்ட ஏறக்குறைய 400 குடும்பங்கள் அங்கிருந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தன. விரிசல் கண்ட அந்த வீடுகளுக்குப் பதிலாகத் தரைவீடு கேட்டு அவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்தை நம் வாசகர்கள் அறிவார்கள்.

அதே புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. தலைகீழாக வைத்த பிரமிடு போன்ற தோற்றத்தால் அதை 'வைரக் கட்டடம்' என்று அழைக்கிறார்கள். மேல் மாடி கீழ் மாடியைவிட வெளியே நீண்டிருப்பதால், கட்டடம் தனக்குத் தானே நிழல் தருகிறது. உள்ளே பகல் வெளிச்சமே பெரும்பாலும் போதும். வழக்கமான அலுவலகம் ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும். இந்தக் கட்டடமோ சுமார் 65 யூனிட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் மிச்சம் பிடிப்பது என்பது இதுதான்.

விருப்பம் அல்ல, சட்டம்

நிறுவனங்களுக்கு இது இனி வெறும் சமூக சேவை அல்ல. ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் அளவுக்கு எரிசக்தி பயன்படுத்தும் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். எரிசக்தித் தணிக்கையும் செய்ய வேண்டும்.

ஆகவே, இப்படிப்பட்ட நிறுவனம் ஒன்று பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன ஆண்டைவிட இந்த ஆண்டு உங்கள் மின்சாரப் பயன்பாடு எவ்வளவு குறைந்தது? பதில் இருந்தால் கைதட்டுவோம்.

வீட்டுக் கணக்கு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 18 வாட் எல்இடி விளக்குகள் ஐந்தை ஒரு மணி நேரம் அணைத்தால் மிச்சமாவது 0.09 யூனிட். காசுக் கணக்கில் ஏறக்குறைய நான்கு சென். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 0.8 யூனிட் இழுக்கும். அந்த ஐந்து விளக்குகளையும் ஒன்பது மணி நேரம் எரிய விடுவதற்கு அது சமம். விளக்கை அணைத்துவிட்டு ஏர்கோனை 18 டிகிரியில் வைத்துப் போர்வைக்குள் புகுந்தால், அதில் சேமிப்பு எங்கே?

2025 ஜூலை 1 முதல் வந்துள்ள புதிய மின் கட்டண முறையும் இதைத்தான் உணர்த்துகிறது. மாதம் 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு. 200 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 25 சென். பயன்பாடு ஏற ஏறத் தள்ளுபடி இறங்கும். 1,000-ஐத் தாண்டினால் அறவே கிடையாது. 600 யூனிட்டுக்குள் இருந்தால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் இல்லை. 590-இல் நிற்கும் வீட்டுக்கும் 610-க்குப் போகும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 20 யூனிட் அல்ல என்பது இப்போது புரியும்.

என்ன செய்யலாம்?

* ஏர்கோனை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். கூடவே காற்றாடியைச் சுழல விடுங்கள். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவுங்கள்.
* புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது விலையோடு நட்சத்திரத்தையும் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் உள்ளதே குறைவாக மின்சாரம் உண்ணும். அது இரவு பகலாக ஓடும் பொருள் என்பதை மறக்க வேண்டாம்.
* சுடுநீர்க் கருவி மூன்றரை கிலோவாட் வரை இழுக்கும். குளித்து முடித்ததும் அணைத்துவிடுங்கள்.
* துணிகளை ஒவ்வொன்றாகத் தேய்க்காமல் வாரத்துக்குச் சேர்த்துத் தேய்த்தால், பெட்டி திரும்பத் திரும்பச் சூடாவது மிச்சம்.
* நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். துணி துவைப்பதை இரவு 10-க்குப் பிறகோ வார இறுதியிலோ வைத்துக்கொள்ளலாம்.

தொழிலாளியின் வீடு வரை

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தொழிலாளர்களில் பலர் டெங்கில் போன்ற ஊர்களின் அடுக்குமாடிகளில்தான் வசிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு டி-சட்டையும் ஒரு மெழுகுவர்த்தியும் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். மின்சார பில்லை எப்படிப் படிப்பது என்று அவர்களின் மொழியிலேயே அரை மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்ற, வட்டியில்லாத் தவணைக்கு உதவுங்கள். மிச்சமாகும் பத்து, இருபது ரிங்கிட் அந்தக் குடும்பத்துக்குப் பெரிது. பிள்ளையின் பள்ளிப் பேருந்துச் செலவில் ஒரு பகுதியாவது அதில் அடங்கும்.

சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கும் பொருந்தும், வீணடிப்புக்கும் பொருந்தும். அடுத்த பூமி நேரத்தில் விளக்கை அணையுங்கள். அந்த இருட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் போன மாத பில்லை ஒரு முறை படியுங்கள். அடுத்த மாத பில் குறைந்தால், அந்த ஒரு மணி நேரம் வீண் போகவில்லை.