பெங்களூர் அடுப்படி – 9: பத்துக் கைகள் கேட்கும் காய்

மார்கழி பிறந்ததும் பெங்களூரில் காய்கறிக் கடைகளின் முகமே மாறிவிடும். காந்தி பஜார், மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ், அல்சூர் மார்க்கெட், மடிவாளா, எங்கே போனாலும் நடைபாதையில் சாக்கு விரித்து அவரேக்காயைக் குவித்திருப்பார்கள். கத்தரிக்கும் வெண்டைக்கும் அன்றைக்கு ஓரத்தில்தான் இடம். நாம் மொச்சை என்கிறோமே, அதுதான் இது. தோலோடு நறுக்கிப் பொரியல் செய்கிற பட்டை அவரையும் தாவரவியல் கணக்கில் இதே இனம்தான். ஆனால் இந்த வகையைக் கொட்டைக்காகவே வளர்க்கிறார்கள்.

வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் ஒரு காயை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார்கள். நல்ல அவரேக்காயின் மேல்தோலில் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். விரலில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாத வாசனை. கன்னடத்தில் அதைச் ‘சொகடு’ என்கிறார்கள். பனி இறங்க இறங்கச் சொகடு ஏறும் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளின் அனுபவம். “மாகடிக் காய்க்கா, மோந்து பாருங்க” என்று அல்சூரில் தமிழில் கூப்பிடுவார்கள். மாகடி, கோலார், சிந்தாமணி, ஹொசகோட்டே, கனகபுரா என்று ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் வியாபாரம் நடக்கும். நம் எல்லைக்குள் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்திலும் இது நன்றாக விளைகிறது.

இந்த ஊரில் ஒரு காய்க்குக் காத்திருப்பது என்பதே இப்போது அபூர்வம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், அதிகம் சுடாத வெயில், அதிகம் உறையாத குளிர். கோஸ், கேரட், பீன்ஸ், பீட்ரூட் எல்லாம் பெங்களூரைச் சுற்றி வருஷம் முழுக்க விளைகின்றன. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்துக்கு 1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரூன் வெளிநாட்டுச் செடிகளை வரவழைத்து வளர்த்துப் பார்த்து, தேறியதை விவசாயிகளுக்குக் கொடுத்தவர். மெக்சிகோவில் பிறந்த சௌசௌ அப்படி இங்கே வேரூன்றியதுதான். நம் வீடுகளில் இன்றும் அதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்றே பெயர். ஏரிக்கரைத் தோட்டங்களில் பாத்தி கட்டி, கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, காயும் கீரையும் பூவும் விளைவித்து இந்த நகரத்துக்கு ஊட்டியவர்கள் திகளர்கள். தமிழகத்தோடு வேர் கொண்ட சமூகம். சித்திரைப் பௌர்ணமியில் தர்மராயர் கோயில் கரகத்தை எடுப்பவர்களும் அவர்களே. அவர்கள் பயிர் செய்த சம்பங்கி ஏரிப் பக்கம் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும்.

ஆனால் அவரேக்காய் தோட்டக்காய் கிடையாது. மானாவாரி நிலத்தில், ஆடி மழைக்கு விதைக்கும் ராகியோடு வரிசைக்கு வரிசை ஊடுபயிராகப் போடுவார்கள். ராகி வளர்ந்து முற்றும் வரை அவரை அவசரப்படாது. இந்தச் செடிக்குப் பகல் குறுகினால்தான் பூக்கத் தோன்றும். ஐப்பசிக்குப் பிறகு இரவு நீள, அது மொட்டு விடுகிறது. ராகியை அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோன பின்னும், வெறும் தாள் நிற்கும் நிலத்தில் அவரை மட்டும் பனியைக் குடித்துக்கொண்டு தை வரை காய்க்கிறது. உரம் வாங்க முடியாத நிலத்துக்குத் தழைச்சத்தும் விட்டுவிட்டுப் போகிறது.

புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய ஒரு பாட்டில் (120ஆம் பாட்டு) இதே வரிசை வருகிறது. மழைக்குப் பின் உழுது விதைத்த புன்செயில் வரகு அறுத்து, தினை கொய்து, எள் முற்றி, அவரை காய்த்து நிற்கும் நேரம். அதற்கு அடுத்து அவர் காட்டுவது விருந்து. புல் வேய்ந்த குடிசைகளில் பதமான கள்ளைப் பகிர்கிறார்கள், நெய்யில் கடலை பொரிகிறது, சோறு வேகிறது. விளைச்சலுக்கும் விருந்துக்கும் நடுவில் அந்தப் பாட்டில் இடைவெளியே இல்லை. காய் வந்தது, ஆள் வந்தது, அடுப்பு எரிந்தது. கென்யாவின் கிக்கூயூ மக்கள் இதே இனத்துக் கறுப்பு மொச்சையை ‘ஞாஹி’ என்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு அதைச் சமைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். தங்கள் பெருமழைக் காலத்துக்கே ஞாஹி மழை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பயறின் பெயரால் காலத்தைக் குறிக்கும் அந்த மனிதர்களோடு மாகடி விவசாயி உட்கார்ந்து பேசினால் நேரம் போவது தெரியாது என்று எனக்குத் தோன்றும்.

இனி சமையலுக்கு வருவோம்.

அவரேக்காயில் கொட்டையை உரித்து அப்படியே சாம்பாரில் போடலாம், உப்புமாவில் போடலாம். ஆனால் பெங்களூர்க்காரர்களைக் கேட்டால் ஹிதகிதபேளே சாரு ஒன்றுக்காகத்தான் இந்த இரண்டு மாதம் என்பார்கள். கிருஷ்ணகிரி, வேலூர் பக்கம் பிதுக்குப் பருப்புக் குழம்பு என்பது அதைத்தான். உரித்த பச்சைக் கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் போட்டால் மாலைக்குத் தயார். தோல் தளர்ந்ததும் கொட்டையின் ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் பருப்பு இரண்டாகப் பிரிந்தோ முழுசாகவோ நழுவி வெளியே வரும். வெண்ணெய் கலந்த இளம்பச்சை நிறம். ஒவ்வொரு கொட்டையையும் இப்படித்தான் பிதுக்க வேண்டும், ஒன்று விடாமல்.

ஒரு கிலோ காயை உரித்தால் கொட்டை அரைக் கிலோவுக்குக் கீழேதான் தேறும். அதில் பூச்சி அரித்ததைக் கழித்து, தோலையும் கழித்தால் மிஞ்சுவது இன்னும் குறைவு. ஆறு பேர் சாப்பிடுகிற குழம்புக்கு எத்தனை கிலோ வாங்க வேண்டும், அதைத் தனியாக உட்கார்ந்து ஒருவர் பிதுக்கினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பார்த்தாலே இது கூட்டத்துக்கான வேலை என்பது விளங்கிவிடும். பசவனகுடி, சாமராஜபேட்டைப் பழைய வீடுகளில் முற்றத்திலோ கூடத்திலோ பெரிய அன்னக்கூடையை நடுவில் வைத்து, பாட்டியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரை சுற்றி உட்காருவார்களாம். தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்து விசாரித்தால் அவருக்கும் ஒரு பலகை.

விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். வந்தவரை உட்காரவைத்து, விசிறிவிட்டு, இலை போட்டு, நாம் நின்று பரிமாறுவதுதான் நம் மரபின் மரியாதை. அந்த மரியாதை மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்து, அடுக்குமாடிகளில் அடுத்த கதவைத் தெரியாமல் வாழ்கிறவர்களுக்கு, பரிமாறுவதைவிடச் சேர்ந்து உட்காருவது அதிகம் தேவைப்படுகிறது. அதனால் எங்கள் வீட்டு அவரேக்காய் விருந்து சாப்பாட்டு நேரத்துக்குத் தொடங்குவதில்லை. நண்பர்கள் நாலு மணிக்கே வந்துவிடுவார்கள். கூடத்தில் பழைய செய்தித்தாள் விரித்து, ஊறிய கொட்டையை இரண்டு பாத்திரத்தில் பிரித்து வைத்துவிடுவோம். கை வேலையில் இருக்கும்போது யாரும் போனை எடுக்க முடியாது; விரலெல்லாம் சொகடு. முகம் பார்த்துப் பேசவும் அவசியமில்லை, எல்லார் கண்ணும் பாத்திரத்தில். நேருக்கு நேர் உட்கார்ந்தால் வராத பேச்சு அப்போது வரும். வேலை போன கதை, ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியாத கதை, பல வருஷம் பேசாத அண்ணனைப் பற்றிய கதை. ஆறு மாதம் பழகியும் தெரியாத சங்கதிகளை ஒரு கூடை கொட்டை தீர்வதற்குள் நாங்கள் அறிந்துகொண்டிருக்கிறோம்.

பருப்பு தயாரானதும் சமையல் சுருக்கம்தான். வெங்காயம், பூண்டு, இஞ்சியை எண்ணெயில் வதக்கி, மல்லி, காய்ந்த மிளகாய், நாலு மிளகு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, கொஞ்சம் கசகசா சேர்த்துச் சிவக்க விட்டு, தேங்காயும் ஒரு கை கொத்தமல்லித் தழையும் போட்டு நைசாக அரைக்க வேண்டும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தக்காளி வதக்கி, பருப்பைப் போட்டு ஒரு புரட்டு புரட்டியபின் தண்ணீர் விட்டு வேகவிடுங்கள். பாதி வெந்ததும் அரைத்த மசாலா. குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். பருப்பு முழுசாக இருக்க வேண்டும், நாக்கில் வைத்தால் கரைய வேண்டும். மசாலாவைக் கூட்டிவிடாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். பட்டை, கிராம்பு தூக்கலாகிவிட்டால் சொகடு அடிபட்டுப்போகும், பிறகு எந்தப் பருப்பில் செய்தாலும் ஒன்றுதான்.

இதற்கு ஜோடி ராகி களி. இங்கே முத்தே. சூடாகக் கிண்டி, ஈரக் கையால் உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். ஒரே நிலத்தில் ஒன்றாக வளர்ந்த இரண்டும் ஒரே தட்டில் சேர்வது எனக்குப் பெரிய சந்தோஷம். முத்தே பழகாதவர்களுக்கு அக்கி ரொட்டி. அரிசி மாவில் வேகவைத்த அவரைக்கொட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்த் துருவல், அதோடு சப்சிகே சொப்பு. அதுதான் நம் சதகுப்பைக் கீரை. அவரையும் சப்சிகேயும் சேர்ந்தால் வரும் மணத்தை ஒருமுறை அறிந்தவர்கள் அடுத்த மார்கழிவரை மறக்க மாட்டார்கள். மாவை ஆறிய தோசைக்கல்லிலேயே கையால் தட்டிப் பரப்பி, விரலால் குழி போட்டு எண்ணெய் விட்டு, பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். ஒரு கல் ஆறுவதற்குள் அடுத்தது வேண்டும் என்பதால் இரண்டு கல் வைத்துக்கொள்வது நல்லது. மீந்த குழம்பு மறுநாள் தோசைக்கு இன்னும் ருசி.

இப்போது பிதுக்கிய பருப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறது. நடைபாதைகளிலும் பெண்கள் விடியலிலிருந்து உட்கார்ந்து பிதுக்கிப் பிதுக்கிக் குவித்து விற்கிறார்கள். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்து அவர்கள் விரல்நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்தப் பருப்பு காயைவிடப் பல மடங்கு விலை என்று முகம் சுளிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கூடத்தில் பத்துப் பேர் கதை பேசிச் செய்த வேலையைக் குளிரில் தனியாக ஒருத்தி செய்கிறாள். அவளிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

காலத்தையும் கொஞ்சம் தளர்த்தியாகிவிட்டது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை ரகங்கள், குறிப்பாக ஹெச்.ஏ.3, ஹெச்.ஏ.4, பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. எப்போது விதைத்தாலும் பூக்கும், குட்டையாக நிற்கும், சீக்கிரம் காய்க்கும். சித்திரையில்கூடச் சந்தையில் அவரேக்காய் பார்க்க முடிவது அதனால்தான். விவசாயிக்குப் பருவம் தப்பிய காலத்தில் நல்ல விலை கிடைக்கிறது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. நான் சித்திரையில் வாங்குவதில்லை, அவ்வளவுதான். பனி காணாத காயில் நான் தேடுகிற வாசனை இருப்பதில்லை.

தை மாதத்தில் ஊரே சேர்ந்து கொண்டாடும் இடம் அவரேபேளே மேளா. வி.வி.புரத்தில் சஜ்ஜன் ராவ் சர்க்கிள் அருகே உள்ள ஸ்ரீ வாசவி காண்டிமென்ட்ஸ் கடைக்காரர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. ‘திண்டி பீதி’ எனப்படும் அந்தச் சாப்பாட்டுத் தெரு கூட்டம் தாங்காமல் போய், அண்மைக் காலத்தில் நேஷனல் காலேஜ் மைதானத்துக்கு மாறியிருக்கிறது. அவரேபேளே தோசை, பட்டு என்கிற குழிப்பணியாரம், நிப்பட்டு, ஹோளிகே, ஜிலேபி, ஜாமூன் வரை போகிறார்கள். ஜிலேபி என் நாக்குக்கு ஒட்டவில்லை. பருப்பை எண்ணெயில் பொரித்து, அவல், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாயோடு கலந்த மிக்ஸர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் வாங்கிவிடுவேன். ஊருக்கு அனுப்ப அதைவிடப் பொருத்தமான பொட்டலம் இல்லை. சங்கராந்திக்கு இங்கே எள்ளு, வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்து அக்கம்பக்கம் பகிர்வார்கள். கூடவே கரும்பு, வேகவைத்த அவரேக்காய், சர்க்கரைவள்ளி. நம் பொங்கல் குழம்பில் மொச்சையும் வள்ளிக்கிழங்கும் பரங்கியும் கூடுவதற்கு இது அண்டை வீட்டு உறவு. அன்றைக்கு எங்கள் மாடியிலிருந்து குழம்பு கீழே போகும், கீழேயிருந்து எள்ளு-பெல்லா மேலே வரும்.

தை கடந்தால் காய் முற்றத் தொடங்கும், தோல் தடிக்கும். காய்ந்த மொச்சையையும் இரவு முழுக்க ஊறவைத்துப் பிதுக்கலாம். குழம்பு வரும், சொகடு வராது. அதனால் இன்னும் மிஞ்சியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக் குறித்துக்கொண்டு நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள். இனிப்பு, பழம் என்று எதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், இரண்டு மணி நேரம் முன்னதாக வந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ் கடைகளும், கருநீலப் பெங்களூர்த் திராட்சையும்.

(தொடரும்)